பன்னிரண்டு நாள் குழந்தையும் வராத ஏப்பமும்: ஒரு நிகழ்வு ஆய்வு

பிறந்து 12 நாளான ஆண் குழந்தை. பால் குடித்தவுடன் கக்குகிறது, எவ்வளவு தட்டினாலும் ஏப்பம் வருவதில்லை, இரவு முழுவதும் அழுகிறது என்பவை வீட்டார் சொன்ன குறைகள். தாய்க்கு வயது 24, இது தலைப்பிரசவம். 37 வாரம் நிறைந்த நிலையில் அறுவைச் சிகிச்சை மூலம் பிறந்த அக்குழந்தையின் பிறப்பு எடை 2.740 கிலோ. தாமிரபரணிக் கரையில் உள்ள ஒரு சிற்றூரில், தாயின் பிறந்த வீட்டில் நான் அதை முதன்முதலாகப் பார்த்தேன். கிராம சுகாதாரச் செவிலியராக 19 ஆண்டுகள் பணியாற்றிய எனக்கு இந்தக் குறைகள் புதியவை அல்ல. மாதத்தில் நாலைந்து வீடுகளிலாவது இவற்றைக் கேட்கிறேன். இருந்தாலும் இந்த ஒரு குழந்தையைப் பற்றி விரிவாக எழுதக் காரணம் உண்டு. நான் உட்பட எல்லோரும் ஏப்பத்தையே பார்த்துக்கொண்டிருந்ததால், குழந்தைக்குப் பால் போதவில்லை என்பது பன்னிரண்டு நாள் வரை ஒருவர் கண்ணிலும் படவில்லை. வீட்டாரின் ஒப்புதலோடு எழுதுகிறேன். பெயரையும் ஊரையும் தவிர்த்திருக்கிறேன்.

நான் பார்ப்பதற்கு முன் நடந்தவை

அறுவைச் சிகிச்சை முடிந்து ஏறத்தாழ ஏழு மணி நேரம் கழித்துத்தான் குழந்தையைத் தாயின் மார்பில் போட்டிருக்கிறார்கள். பிறந்த ஒரு மணி நேரத்துக்குள் தாய்ப்பால் தொடங்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. அறுவைச் சிகிச்சை என்றால், தாய் நினைவுடன் இருக்கும் நிலைக்கு வந்தவுடன் தொடங்கலாம். பிரசவம் பார்த்த தனியார் மருத்துவமனையில் அது நடக்கவில்லை. தாய்க்கு இன்னும் பால் ஊறவில்லை என்று சொல்லி, முதல் இரண்டு நாளும் புட்டியில் டப்பா பால் கொடுத்திருக்கிறார்கள். முதல் நாள்களில் சுரப்பது சீம்பால். அதன் அளவே கரண்டிக் கணக்கில்தான் இருக்கும். மார்பு கனத்துப் பால் இறங்குவது பெரும்பாலும் மூன்றாம் நாளை ஒட்டித்தான் நடக்கும். அறுவைச் சிகிச்சை செய்துகொண்ட தாய்மாருக்கு அது இன்னும் ஒரு நாள் தள்ளிப்போவதும் உண்டு. எனவே அந்தத் தாயிடம் குறை ஒன்றும் இல்லை. ஆனால் "பால் ஊறவில்லை" என்ற சொல் அவள் மனத்தில் விழுந்துவிட்டது. அதற்குப் பிறகு குழந்தை அழும்போதெல்லாம் அவளுக்கு அந்தச் சொல்தான் கேட்டிருக்கிறது.

ஆறாம் நாள் வீட்டுக்கு அனுப்பினார்கள். மருத்துவமனையில் பிறந்த குழந்தையை 3, 7, 14, 21, 28, 42 ஆகிய நாள்களில் வீட்டில் சென்று பார்க்க வேண்டும் என்பது பச்சிளங்குழந்தைப் பராமரிப்புத் திட்டத்தின் விதி. இந்தத் தாய் கருவுற்ற காலத்தில் பதிவு செய்துகொண்டது கணவனின் ஊரில்; தலைப்பிரசவம் என்பதால் வந்து தங்கியதோ தாய் வீட்டில். அந்த ஊர்ச் செவிலியர் இவள் இங்கே இருக்கிறாள் என்று எண்ண, இவள் இங்கே வந்திருப்பது எனக்குத் தெரியாமல் போக, ஏழாம் நாள் வருகை யார் கணக்கிலும் இல்லாமல் விழுந்துபோயிற்று. தாய் வீட்டுக்கு வந்து பிள்ளை பெறும் வழக்கமுள்ள நம் ஊர்களில் இந்த இடைவெளி அடிக்கடி நேர்கிறது என்பதைப் பணியில் இருப்பவர்கள் எல்லோரும் அறிவோம்.

ஒன்பதாம் நாள் மாலை குழந்தையின் பாட்டி, அதாவது தாயின் தாய், அங்கன்வாடிப் பணியாளரிடம் என் எண்ணை வாங்கிப் பேசினார். குழந்தை கக்குகிறது, ஏப்பம் வரவில்லை என்றார். நான் எடையைக் கேட்கவில்லை; சிறுநீர் எத்தனை முறை போகிறது என்றும் கேட்கவில்லை. "தோளில் நிமிர்த்திப் போட்டு, ஏப்பம் வரும்வரை முதுகைத் தட்டிக்கொடுங்கள், நாளை மறுநாள் வந்து பார்க்கிறேன்" என்று சொல்லிவிட்டேன். வேறு பணிகளால் ஒரு நாள் தள்ளிப்போய்ப் பன்னிரண்டாம் நாள்தான் செல்ல முடிந்தது. "ஏப்பம் வரும்வரை" என்று நான் சொன்ன அந்த இரண்டு சொற்கள் அந்த வீட்டில் என்ன செய்திருந்தன என்பதை அங்கே போன பிறகுதான் கண்டேன்.

இடையில் அவர்கள் ஒரு தனியார் மருத்துவரிடம் காட்டியிருந்தார்கள். வாயு என்று சொல்லிச் சொட்டு மருந்து எழுதிக் கொடுத்திருந்தார். வீட்டில் இருந்த எழுபது கடந்த ஆச்சி, வசம்பைச் சுட்டு இழைத்து நாக்கில் தடவியும், கிரைப் வாட்டரும் சர்க்கரைத் தண்ணீரும், மூக்குள்ள சிறு கிண்ணமான பாலாடையில் புகட்டியும் பார்த்திருந்தார். மறுநாள் காலை பக்கத்து ஊருக்குத் தொக்கம் எடுக்கத் தூக்கிப் போவதாக முடிவாகியிருந்தது. தொண்டையிலோ வயிற்றிலோ பால் தேங்கி அடைத்திருக்கிறது என்று நம்பி, விரல் விட்டோ ஊதியோ அதை எடுப்பதாகச் செய்யும் இந்த வேலை, பச்சிளங்குழந்தையின் தொண்டையைக் கிழித்துப் புண்ணாக்கக்கூடியது; மூச்சுக்கே இடையூறாகவும் முடியலாம். ஒரு நாள் முந்திச் சென்றதை இன்றும் நிம்மதியோடு நினைக்கிறேன்.

பன்னிரண்டாம் நாள் கண்டவை

குழந்தைக்குக் காய்ச்சல் இல்லை. மூச்சு சீராக இருந்தது, நெஞ்சு உள்வாங்கவில்லை. உள்ளங்காலைச் சுண்டினால் விழித்து அழுதது. ஆனால் அழுகையில் வலு குறைவு. கண்ணின் வெண்மையில் இலேசான மஞ்சள். உச்சிக்குழி சற்றே பள்ளமாக இருந்தது. துணியை அவிழ்த்துப் பார்த்தபோது தொடையின் உட்புறத் தோல் தளர்ந்து மடிந்திருந்தது. இரண்டாம் வாரத்தில் இருக்கும் குழந்தையிடம் நான் காண விரும்பாத அறிகுறி அது. முந்தைய நாள் முழுவதிலும் நான்கு முறைதான் சிறுநீர் போயிருந்தது. ஐந்தாம் நாளுக்குப் பிறகு ஆறு முறைக்குக் குறையக் கூடாது. மலம் இரண்டு நாளுக்கு ஒருமுறை, அதுவும் கரும்பச்சையாகச் சிறிதளவே. எங்கள் பக்கத்தில் காட்டுப்பீ என்று சொல்லும் முதல் கருமலம் நின்று, நான்கைந்து நாளில் மலம் மஞ்சளுக்கு மாறிவிட வேண்டும். அப்படி மாறாவிட்டால், உள்ளே போகும் பால் குறைவு என்பதுதான் நான் முதலில் எண்ண வேண்டிய காரணம்.

எடை 2.490 கிலோ. பிறந்த எடையிலிருந்து 250 கிராம், அதாவது 9 விழுக்காடு குறைவு. முதல் சில நாளில் 7 முதல் 10 விழுக்காடு வரை எடை இறங்குவது இயல்புதான். ஆனால் நான்காம் ஐந்தாம் நாளிலிருந்து ஏறத் தொடங்கி, 10 முதல் 14 நாளுக்குள் பிறந்த எடையைத் தொட்டுவிட வேண்டும். பன்னிரண்டாம் நாளில் 9 விழுக்காடு குறைவு என்றால், ஏறவே தொடங்கவில்லை என்று பொருள். அன்றே மருத்துவரிடம் அனுப்ப வேண்டும் என்று முடிவெடுத்தேன். ஆனால் குழந்தை பசியோடு கைவிரலைச் சப்பிக்கொண்டிருந்தது. வண்டி வர அரை மணி நேரத்துக்கு மேல் ஆகும் என்றார்கள். அதனால், "எப்போதும் எப்படிக் கொடுப்பாயோ அப்படியே கொடும்மா, நான் பேசாமல் பார்த்துக்கொண்டிருக்கிறேன்" என்று தாயிடம் சொல்லிவிட்டுச் சுவரோரம் அமர்ந்தேன். வண்டி தாமதமாகி, அந்தப் பால்வேளை முழுவதையும் பார்க்க வாய்த்தது. இந்த ஆய்வில் நான் செய்த பயனுள்ள செயல் எது என்று கேட்டால், வாயை மூடி அமர்ந்திருந்த அந்த நேரத்தைத்தான் சொல்வேன்.

தாய் பாயில் சம்மணமிட்டு, முதுகுக்குச் சாய்மானம் இல்லாமல் உட்கார்ந்தாள். வயிற்றுத் தையல் இழுக்கவே முன்னால் குனிந்தாள். குழந்தை அவள் மடியில் கூரையைப் பார்த்து மல்லாந்து கிடந்தது. தலை மட்டும் மார்பின் பக்கம் திருப்பப்பட்டிருந்தது. கழுத்தை ஒரு பக்கம் முழுதாகத் திருப்பிக்கொண்டு ஒரு வாய் தண்ணீர் விழுங்கிப் பார்த்தால் அந்தக் குழந்தையின் சிரமம் நமக்கே புரியும். அவள் இரண்டு விரலால் காம்பைக் கத்தரி போலப் பிடித்து, பாதி திறந்த வாய்க்குள் வைத்தாள். குழந்தை காம்பின் நுனியை மட்டும் உதட்டால் பற்றிக்கொண்டது. கீழுதடு உட்பக்கமாக மடிந்திருந்தது. தாடை மார்பைத் தொடவில்லை. உறிஞ்சும்போதெல்லாம் கன்னத்தில் குழி விழுந்தது. நாக்கு பிடி நழுவும் 'டக் டக்' ஒலி சுவரோரம் இருந்த எனக்குக் கேட்டது. விழுங்கும் ஒலி எப்போதாவதுதான் வந்தது.

மூன்று நிமிடம்கூட ஆகவில்லை. பாட்டி, "போதும், காத்து ஏறிரும்" என்று குழந்தையை வாங்கித் தோளில் போட்டுத் தட்டத் தொடங்கினார். ஏப்பம் வரவில்லை. ஆச்சி வாங்கினார், அவரும் தட்டினார். குழந்தை அழுதது. ஏழெட்டு நிமிடம் கழித்துத் தாயிடம் வந்தது. இம்முறை மறு மார்பு. மீண்டும் மூன்று நிமிடம், மீண்டும் தோள். கைக்கடிகாரத்தைப் பார்த்துக் குறித்துக்கொண்டேன். தொடங்கியது முதல் முடிந்தது வரை 55 நிமிடம். அதில் குழந்தையின் வாய் மார்பில் இருந்தது 14 நிமிடம். தோளில் தட்டு வாங்கியது 32 நிமிடம். மீதி நேரம் அழுகையை அமர்த்துவதில் போயிற்று. கடைசியில் வாய் நிறையக் கக்கியது, களைத்தது, உறங்கிவிட்டது. உறங்கியதை வயிறு நிறைந்ததன் அடையாளமாக அவர்கள் எடுத்துக்கொண்டார்கள். உறக்கத்திலும் குழந்தையின் இரண்டு கைகளும் மூடியே இருந்தன. வயிறார உண்ட குழந்தையின் கை தானாக விரிந்து தளரும்.

தாயின் காம்பைப் பார்க்கக் கேட்டேன். குழந்தை விட்ட காம்பு உருண்டையாக இல்லை. ஒரு பக்கம் சாய்வாகச் சீவிவிட்டதுபோல் நசுங்கி, நுனியில் வெளிறி, அடியில் வெடித்திருந்தது. வலிக்கிறதா என்றதற்கு, "வலிக்கத்தானே செய்யும் சிஸ்டர்" என்றாள். அந்த விடையைக் கேட்டு வருந்தினேன். வலியைப் பொறுத்துக்கொள்வதே தாய்மை என்று யாரோ அவளுக்குச் சொல்லியிருக்கிறார்கள். முதல் சில நொடிக் கூச்சத்தைத் தாண்டி வலி நீடித்தால், பிடிப்பு தவறியிருக்கிறது என்று உடல் தெரிவிக்கிறது. பொறுத்துக்கொண்டால் தாய்க்கும் சேய்க்கும் கேடுதான்.

நடந்ததை இப்போது கோத்துப் பார்க்கலாம். பிடிப்பு மேலோட்டமாக இருந்ததால் உதட்டுக்கும் மார்புக்கும் இடையில் காற்று புகுந்தது. பால் குறைவாக வந்தது. பால் போதாததால் குழந்தை அழுதது. அழும்போது இன்னும் காற்றை விழுங்கியது. காற்றுதான் குறை என்று எண்ணிய வீட்டார், பால் கொடுப்பதை நிறுத்தி நிறுத்தித் தட்டினார்கள். ஒரு மார்பில் பால் குறையக் குறைய, வரும் பாலில் கொழுப்பு கூடிக்கொண்டே போகும். மூன்று நிமிடத்தில் பக்கம் மாற்றிய இந்தக் குழந்தைக்கு அந்தக் கொழுத்த பால் கிடைக்கவே இல்லை. மார்பில் பால் எஞ்சி நின்றதால் சுரப்பும் குறையத் தொடங்கியிருந்தது. எடுக்க எடுக்கத்தான் பால் ஊறும். இடையிடையே புகட்டிய சர்க்கரைத் தண்ணீரும் கிரைப் வாட்டரும் சிறு வயிற்றின் இடத்தைப் பிடித்துக்கொண்டு, பசிக்குரலைச் சிறிது நேரம் அடக்கின. அந்த வீட்டில் ஒருவர்கூட அக்கறையில்லாதவர் அல்லர். மூன்று பெண்கள் இரவும் பகலும் உறங்காமல் செய்த பணிவிடையே குழந்தையைப் பட்டினி போட்டுக்கொண்டிருந்தது. அதை அவர்களிடம் எப்படிச் சொல்வது என்பதுதான் எனக்கு அன்றைய கடினமான வேலையாக இருந்தது.

அன்று மாலையே அரசு மருத்துவமனையில் சேர்த்தோம். தொற்று இல்லை, இரத்தச் சர்க்கரை சரியாக இருந்தது, மஞ்சள் காமாலையும் ஒளிச் சிகிச்சை தேவைப்படும் அளவுக்கு இல்லை. இப்படி எடை இறங்கிய குழந்தைகளுக்கு உடலில் நீர் வற்றி இரத்தத்தில் உப்பு கூடிவிடும் ஆபத்து உண்டு. இந்தக் குழந்தைக்கு அது மேல் எல்லையை ஒட்டி நின்றதே தவிரத் தாண்டவில்லை. நாக்கை அசையவிடாமல் அடியில் கட்டும் ஒட்டு இல்லை என்பதையும் மருத்துவர் பார்த்து உறுதி செய்தார். இரண்டு நாள் அங்கேயே வைத்துக்கொண்டு பால் ஊட்டச் சொன்னார்.

பிடிப்பை மாற்றியது

மறுநாள் காலை நானும் அந்தப் பிரிவின் செவிலியரும் தாயோடு அமர்ந்தோம். முதுகுக்கு இரண்டு தலையணை கொடுத்து அவளைச் சாய்ந்து உட்கார வைத்தோம். தையலில் பாரம் படாமல், குழந்தையின் கால்கள் அவள் அக்குள் வழியாக முதுகுப்பக்கம் போகுமாறு, இடுப்புக் குடத்தை அணைப்பதுபோல் பக்கவாட்டில் பிடிக்கச் சொன்னோம். குழந்தையின் காது, தோள், இடுப்பு மூன்றும் ஒரே கோட்டில் இருக்க வேண்டும். முகம் மட்டுமல்லாமல் உடல் முழுவதும் தாயை நோக்கியிருக்க வேண்டும்.

அடுத்தது காத்திருத்தல். காம்பைக் குழந்தையின் மூக்குக்கு நேரே வைத்து, மேலுதட்டை இலேசாகத் தொட்டாள். குழந்தை உதட்டைக் குவித்தது. "இப்போது வேண்டாம்" என்றேன். மீண்டும் தொட்டாள்; பாதி திறந்தது; "இப்போதும் வேண்டாம்." மூன்றாம் முறை கொட்டாவி விடுவதுபோல் வாய் முழுதாகத் திறந்தது. அந்த நொடியில் குழந்தையை மார்புக்குக் கொண்டுவர வேண்டும். மார்பைக் குழந்தையிடம் குனிந்து கொண்டுபோகக் கூடாது. தாடை முதலில் மார்பில் பதிந்தது; பிறகு மேலுதடு. காம்போடு கருவட்டத்தின் பெரும்பகுதியும் உள்ளே போயிற்று; மேலுதட்டுக்கு மேலே மட்டும் கருவட்டம் சற்றுத் தெரிந்தது. கீழுதடு வெளிப்பக்கமாக விரிந்திருந்தது.

இது ஏன் முக்கியம் என்பதைத் தாய்க்கு அவள் வாயைக் கொண்டே விளக்கினேன். நாக்கு நுனியால் மேலண்ணத்தைத் தடவிக்கொண்டே பின்னால் போனால், கெட்டியான பகுதி முடிந்து மெத்தென்ற பகுதி தொடங்கும். காம்பு அந்த இடத்தின் அருகே போய்ச் சேர வேண்டும். அங்கே போனால் அதை நசுக்க ஒன்றும் இல்லை. நாக்கு கருவட்டத்தின் அடியிலிருந்து பாலை வருடி எடுக்கும். முன்னால் ஈறுகளுக்கு நடுவே நின்றுவிட்டால் காம்பு நசுங்கும், பால் வராது, காற்று போகும்.

ஒரு நிமிடம் வேகமான சிறு உறிஞ்சல். பிறகு அது ஆழமாகி மெதுவானது. தாடை நன்றாக இறங்கி, ஒரு கணம் நின்று, 'க்க' என்று மூச்சு விடுவதுபோன்ற மெல்லிய ஒலி எழுந்தது. பால் விழுங்கும் ஒலி அதுதான். 'டக் டக்' ஒலி இல்லை. கன்னம் குழியாமல் உருண்டு நின்றது. தாய் என்னைப் பார்த்து, "வலிக்கல சிஸ்டர்" என்றாள். அழுதும் விட்டாள். உறிஞ்சல் தளரும்போது மார்பை மெல்ல அழுத்திக் கொடுக்கச் சொன்னோம். குழந்தை ஒரே பக்கத்தில் 19 நிமிடம் குடித்துத் தானாக வாயை விட்டது. யாரும் இடையில் தூக்கவில்லை. மூடியிருந்த கை விரிந்து மார்பின் மேல் கிடந்தது.

முதல் மூன்று நாளுக்கு, ஒவ்வொரு முறை ஊட்டிய பிறகும் கையால் பாலைப் பீச்சி எடுத்துக் கொடுக்கும்படி மருத்துவர் சொன்னார். புட்டி வேண்டாம் என்றார். அப்போதுதான் ஆச்சியின் பாலாடை நினைவுக்கு வந்தது. சுருக்கமாகச் சொன்னால், சர்க்கரைத் தண்ணீர் புகட்டிய அதே பித்தளைப் பாலாடைக்குப் பதிலாக, சுத்தம் செய்ய எளிதான எவர்சில்வர் பாலாடை ஒன்றை வாங்கி, கொதிநீரில் போட்டு எடுத்து, ஆச்சியிடமே கொடுத்தேன். பச்சிளங்குழந்தை மருத்துவத்தில் பாலாடை இன்று அதே தமிழ்ப் பெயரோடு ஆங்கில மருத்துவ நூல்களில் இடம்பெற்றிருக்கிறது. குறைமாதக் குழந்தைகளுக்கு அதில் பால் ஊட்டுகிறார்கள். குழந்தையைச் சற்று நிமிர்த்தி, உதட்டோரம் பாலாடையின் மூக்கை வைத்து, விழுங்கியபின் அடுத்த சொட்டைச் சரிக்கும் அந்தக் கைப்பக்குவம் பயிற்சி வகுப்பில் எங்களுக்கு வர நாளாகும். ஆச்சிக்கு அது கையோடு பிறந்ததுபோல் இருந்தது. ஒரு வேளைக்கு 20 மி.லி. பீச்சிய பாலை ஒரு சொட்டுச் சிந்தாமல் அவர் புகட்டியதைப் பிரிவின் செவிலியர்கள் நின்று பார்த்தார்கள். கொடுக்கும் பொருளைத்தான் மாற்ற வேண்டியிருந்தது. கொடுக்கும் கையை மாற்ற வேண்டியிருக்கவில்லை.

ஏப்பத்தைப் பற்றி

ஏப்பம் எடுக்க வைப்பதை அடியோடு நிறுத்துங்கள் என்று நான் சொல்லவில்லை. பக்கம் மாற்றும்போது ஒருமுறை, முடித்த பிறகு ஒருமுறை, ஒவ்வொன்றும் மூன்று நான்கு நிமிடம் போதும் என்றேன். தோளில் போடுவதானால் குழந்தையின் வயிறு நம் தோள்மேட்டில் இலேசாக அழுந்த வேண்டும். மடியில் உட்கார வைப்பதானால் தாடையெலும்பை விரல்களால் தாங்க வேண்டும். தொண்டையில் விரல் படக் கூடாது. கையைக் குழித்து மெல்லத் தட்டினாலும் சரி, கீழிருந்து மேலாக வருடினாலும் சரி. வந்தால் நல்லது. வராவிட்டால், வெளியே வரவேண்டிய காற்று இல்லை என்று எடுத்துக்கொண்டு படுக்க வைக்கலாம். நன்றாகக் கவ்விக் குடிக்கும் குழந்தை குறைவான காற்றையே விழுங்கும். புட்டியில் வேகமாகக் குடிக்கும் குழந்தைக்கும், அழுது முடித்துக் குடிக்கும் குழந்தைக்கும் தேவை கூடுதலாக இருக்கலாம்.

சண்டிகரில் உள்ள முதுநிலை மருத்துவக் கல்வி ஆராய்ச்சி நிறுவனத்தைச் சேர்ந்தவர்கள் 71 தாய்–சேய் இணைகளை இரு பிரிவாகப் பிரித்து, ஒரு பிரிவினருக்கு மட்டும் ஏப்பம் எடுக்க வைக்கும் முறையைக் கற்பித்து, மூன்று மாதம் பின்தொடர்ந்து பார்த்தார்கள். ஏப்பம் எடுக்க வைத்த குழந்தைகளிடம் வயிற்று வலி அழுகை குறிப்பிடும்படி குறையவில்லை, கக்குவதோ கூடியிருந்தது. 71 என்பது சிறிய எண்ணிக்கை. அதை வைத்து ஒரு வழக்கத்தையே தள்ளிவிட மாட்டேன். ஆனால் நிறைந்த வயிற்றை அரை மணி நேரம் குலுக்கினால் பால் மேலே வருவதில் வியப்பில்லை என்பதை இந்த வீட்டில் நேரில் கண்டேன்.

கக்குவதைப் பற்றிய அச்சம்தான் போக மறுத்தது. பதினான்காம் நாள் வீடு திரும்பிய பிறகும் குழந்தை நாளுக்கு நான்கைந்து முறை கக்கியது. "குடிச்சதெல்லாம் வெளிய வந்துருதே" என்று பாட்டி துணியைக் காட்டினார். உள்ளங்கை அகலத்துக்கு ஈரம். வாய்ச்சொல்லால் பயன் இல்லை என்று, உலர்ந்த துணி ஒன்றை விரித்து, பாலை ஒரு சிறு தேக்கரண்டியில், 5 மி.லி. மட்டும் எடுத்து அதன்மேல் ஊற்றினேன். ஈரம் பரவிப் பரவி, குழந்தை கக்கிய வட்டத்தைவிடச் சற்றுப் பெரிதாக நின்றது. பாட்டி இரண்டு துணியையும் அருகருகே வைத்து நெடுநேரம் பார்த்தார். அதற்குப் பிறகு அவர் அந்தக் கேள்வியைக் கேட்கவில்லை.

இரைப்பையின் வாயை மூடும் தசைவளையம் பச்சிளங்குழந்தைக்கு இன்னும் இறுகியிருக்காது, உண்பதெல்லாம் நீர், இருப்பதெல்லாம் படுக்கை. ஆகவே எதுக்களித்துக் கடைவாயில் வழிவது இயல்பு. முதல் சில மாதம் கூடி, ஒரு வயதுக்குள் பெரும்பாலும் நின்றுவிடும். எடை ஏறி, முகம் தெளிவாக இருக்கும் வரை அதற்கு மருந்து வேண்டியதில்லை. பச்சை நிறத்தில் வாந்தி வந்தால் அது வேறு. குடல் அடைப்பாக இருக்கக்கூடும் என்பதால் ஒரு மணி நேரமும் தாமதிக்கக் கூடாது. இரத்தம் கலந்து வந்தாலும், மூன்றாம் வாரத்தை ஒட்டி ஒவ்வொரு முறையும் பீறிட்டு அடிக்கும் வாந்தி தொடங்கினாலும், வயிறு உப்பி இறுகினாலும், காய்ச்சல் வந்தாலும், பால் குடிக்க எழுப்பியும் எழாமல் துவண்டாலும் நேரே மருத்துவமனைக்குத்தான் போக வேண்டும். இவற்றைப் பாட்டியிடம் இருமுறை திருப்பிச் சொல்லச் சொல்லிக் கேட்டுக்கொண்டேன்.

ஏப்பம் வராத குழந்தையை மல்லாத்திப் போட்டால் புரையேறிவிடும் என்று பயந்து, அவர்கள் இதுவரை குப்புறப் படுக்க வைத்திருந்தார்கள். உண்மை இதற்கு மாறானது. மல்லாந்து படுக்கும்போது மூச்சுக்குழல் மேலேயும் உணவுக்குழல் கீழேயும் அமைகின்றன. மேலே வரும் பால் மீண்டும் கீழே விழுங்கப்படும். குப்புறப் படுத்தால் இந்த அமைப்பு தலைகீழாகும். உறக்கத்தில் நேரும் திடீர்ச் சாவும் குப்புறப் படுக்கும் குழந்தைகளிடமே கூடுதல். எனவே உறங்கும்போது எப்போதும் மல்லாந்துதான்.

பின்தொடர்ந்தவை

பதினேழாம் நாள் இரவு ஒன்பது மணிக்குத் தொலைபேசி. குழந்தை குடித்துக்கொண்டிருக்கும்போதே புரையேறி இருமி, முகம் சிவந்துபோயிற்றாம். ஒன்பதாம் நாள் செய்த தவறை மறுபடியும் செய்ய எனக்கு மனமில்லை. முதலில் மூச்சு சீராக இருக்கிறதா, உதடு நீலமாக இருக்கிறதா என்று கேட்டு உறுதி செய்துகொண்டு, நேரில் சென்றேன். குழந்தை நலமாக இருந்தது. இப்போது தாய்க்குப் பால் நன்றாகச் சுரந்து, இறங்கும்போது பீச்சியடித்தது, அதுதான் காரணம். முதல் வேகத்தைத் துணியில் வடியவிட்டு, பிறகு குழந்தையைப் போடச் சொன்னேன். அவள் பின்னால் நன்றாகச் சாய்ந்து, குழந்தை மேலிருந்து குடிப்பதுபோல் வைத்துக்கொண்டதும் பாலின் விசை தணிந்தது. பால் இல்லை என்று சொல்லப்பட்ட பெண்ணுக்குப் பதினைந்து நாளில் பால் மிகுந்துபோன குறை வந்ததை அவளே சொல்லிச் சிரித்தாள்.

எடை பதினான்காம் நாள் 2.550 கிலோ; 21ஆம் நாள் 2.775, 28ஆம் நாள் 2.990, 42ஆம் நாள் 3.430. நாளுக்கு 20 முதல் 30 கிராம் ஏறினால் போதும் என்ற நிலையில், இக்குழந்தை 30 கிராமைத் தொட்டும் தாண்டியும் ஏறியது. மூன்றாம் வாரம் முதல் நாளுக்கு ஏழெட்டு முறை சிறுநீரும், மஞ்சள் மலமும். பாலாடையை 16ஆம் நாளோடு நிறுத்திவிட்டோம். மாலை நேர அழுகை மட்டும் ஆறாம் வாரம் வரை கூடிக்கொண்டுதான் வந்தது; அது அந்த வயதின் இயல்பு என்றும், மூன்று நான்கு மாதத்தில் தணியும் என்றும் சொல்லி வைத்தேன். வாயு மருந்தோ கிரைப் வாட்டரோ அதன்பின் கொடுக்கவில்லை.

இந்தக் குழந்தையைப் பார்த்தபின் என் வேலையில் இரண்டு மாற்றங்களைச் செய்துகொண்டேன். ஏப்பம், வாயு, கக்கல் என்று யார் பேசினாலும், சிறுநீர் எத்தனை முறை, மலம் என்ன நிறம், கடைசியாக எடை பார்த்தது எப்போது என்ற மூன்றையும் கேட்காமல் ஒரு சொல்லும் சொல்வதில்லை. வீட்டுக்குப் போனால் ஒரு பால்வேளையை முதலிலிருந்து கடைசிவரை பார்க்காமல் எழுந்து வருவதில்லை. ஒரு நாளில் பார்க்கும் வீடுகளின் எண்ணிக்கை இதனால் குறைகிறது. மேலிடத்தில் அதற்கு விளக்கமும் எழுதிக் கொடுக்கிறேன்.

42ஆம் நாள் சென்றபோது, தொட்டில் மாற்றிக் கணவன் வீட்டுக்குப் போகும் நாள் குறித்திருந்தார்கள். 45ஆம் நாள் தடுப்பூசி எந்த ஊரில் என்று தாய் கேட்டாள். குழந்தையை வாங்கி ஆச்சி தோளில் போட்டுக்கொண்டு இரண்டு தட்டுத் தட்டினார். கடைவாயில் கொஞ்சம் பால் வழிந்தது. முந்தானையால் துடைத்துவிட்டுப் பேச்சைத் தொடர்ந்தார். நான் திண்ணையில் உட்கார்ந்து அட்டையின் பின்பக்கத்தில் ஐந்து எடைகளையும் தேதியோடு எழுதினேன். பிறகு அந்த ஊர்ச் செவிலியரை அழைத்து, தாயின் பெயரையும் அவள் வந்து சேரும் நாளையும் சொல்லி, அவர் தம் பதிவேட்டில் எழுதிக்கொண்டு எனக்குத் திருப்பி வாசித்துக் காட்டும்வரை தொலைபேசியை வைக்கவில்லை.